ஜசுமதியின் பாதிக் கல்

மலையெல்லைக் கிராமமான குன்ஜியில் ஜசுமதி குன்ஜியாலிடம் மாட்டிக்கொண்டால் லேசில் தப்ப முடியாது. நேபாளத்துத் தின்கர் பக்கமிருந்து வருபவன் ஆட்டை ஓட்டி வந்தவனானாலும் நிறுத்திவைத்துக் குடைவாள். "தக்லாகோட்டுக்குப் போனியா? பழைய சந்தை வரிசையில ஏழாவது கதவு, பூட்டு தொங்குதா?"

பின்னே, கேட்கமாட்டாளா? எல்லைக்கு அப்பால் சீனப் பக்கத்துத் தக்லாகோட்டில், அந்தக் கதவுக்குப் பின்னால் அவளுடைய முப்பது மூட்டை வெல்லமும் பித்தளைப் பாத்திரங்களும் ஆறு வருஷமாகக் கிடக்கின்றன. கோடைதோறும் அங்கே போய்க் கடை போடுபவள், பனிக்காலம் கழித்துத் திரும்பலாம் என்று பூட்டிவிட்டு வந்தவள். முதலில் நோய் என்று லிபுலேக் கணவாயை மூடினார்கள். அப்புறம் எங்கோ லடாக்கில் நம் படையும் சீனப் படையும் முட்டிக்கொண்டன. மூடியது மூடியபடியே கிடந்தது. அங்கிருந்த தோழி யாங்சென்னோடு அவள் பேசிக்கொண்டிருந்த சீனச் செயலிக்கும் தில்லி தடை போட்டது. சண்டை யாருக்கோ, வாய்ப்பூட்டு இவளுக்கு!

யாங்சென் தக்லாகோட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் பாட்டன் காலத்து வியாபார உறவு. அன்றைக்கே ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டார்கள். இரண்டும் பொருந்தினால் கொண்டுவந்தவனை நம்பலாம். உறவு வேண்டாமென்றால் வந்த கல்லையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஜசுமதியின் பாதியில் ஒரு முனை உடைந்து போயிருக்கும். சின்ன வயதில் அதால் அக்ரூட் கொட்டை உடைத்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

வெல்லம் போனால் போகட்டும். யாங்சென் இன்னும் தன்னை நினைக்கிறாளா என்பதுதான் அவளை அரித்தது.

அந்தக் கோடையில் நேபாளத்துச் சாங்ருவிலிருந்து மாமா மகன் குந்தன் வந்தான். அவனுக்குத் தக்லாகோட் போகத் தடையில்லை. சாவியையும் கல்லையும் அவன் கையில் திணித்தாள்.

"கல்லைத் தூக்கிட்டு மலை ஏறணுமாக்கா? போட்டோ எடுத்துட்டுப் போறேனே."

"போட்டோவை எப்படிடா பொருத்திப் பாப்பா, மண்டு!"

இருபத்திரண்டு நாள் வழியையே பார்த்திருந்தாள். ஆதி கைலாசம் பார்க்க வந்து அவள் வீட்டில் தங்கியவர்கள் கருகிய ரொட்டியைத்தான் தின்றார்கள்.

குந்தன் வந்தான். "உட்கார விடுக்கா."

"உட்கார்ந்துக்கிட்டே சொல்லு. பூட்டு?"

"கதவே இல்லை. வரிசையை இடிச்சுட்டுப் பெரிய கட்டடம் கட்டிட்டான். அதுக்கு முன்னாடியே அந்த யாங்சென் அக்கா உன் சாமானையெல்லாம் தன் வீட்டுக்குச் சுமந்திருக்கு. பாத்திரம் பளபளன்னு இருக்கு. வெல்லத்துல பாதி எலிக்கு."

"என்னைப் பத்தி என்ன கேட்டா?"

"ஒண்ணுமே கேக்கலை. கல்லை வாங்கிட்டு உள்ளே போச்சு, ரொம்ப நேரம் வரலை. அப்புறம் இதைக் கொடுத்துச்சு."

துணியில் சுற்றிய கல். யாங்சென் திருப்பிக் கொடுத்துவிட்டாள், முடிந்தது. ஜசுமதி துணியைப் பிரித்துக் கட்டைவிரலால் தடவினாள். மறுபடி தடவினாள். முனை முழுசாக இருந்தது.

"குந்தா, இது என் கல் இல்லைடா."

"ஐயோ, வழியில எங்கேயும் இறக்கி வைக்கலைக்கா, சத்தியமா!"

"சும்மா இரு. இது அவளோடது. என்னோடதை வச்சுக்கிட்டா." சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "நீயே வந்து வாங்கிக்கோங்கிறா, கழுதை!"

மறுவாரம் தார்சுலாவில் எல்லை வியாபாரத்துக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் போய் நின்றாள். கணவாய் திறக்க உத்தரவு இன்னும் வரவில்லை என்றார் எழுத்தர்.

"வரும்போது வரட்டும். என் பேரை முதல்ல எழுதுங்க."

"என்ன சரக்கும்மா கொண்டு போறீங்க?"

"சரக்கெல்லாம் அங்கதான் இருக்கு. நான் மட்டுந்தான் போகணும்."