பூச்சி டாக்டர் பார்க்காத தலை

அவள் சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். மூன்று வயது மகள் தினமும் காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். எடுத்து முடித்ததும் ஒன்றுமே நடக்காததுபோல விளையாடப் போய்விடுவாள். பத்து நாள் இப்படியே போனபின் தெருமுனைக் குழந்தை மருத்துவரிடம் தூக்கிப் போனாள். எது வந்தாலும் குடற்பூச்சி மருந்தே எழுதுவதால் அவருக்குப் பூச்சி டாக்டர் என்று பெயர். அதில் டாக்டர் என்பது சற்று அதிகம்.

மூன்று முறை போனாள். மூன்று முறையும் அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நடக்கும்போது சாயுறா டாக்டர். சுவத்தைப் பிடிச்சுக்கிறா."

"செல்லம் குடுத்தா அப்படித்தான். இனிப்பைக் குறைங்க."

கணவனும், "படிச்சவர் சொல்றாரு, நீ என்னத்தைக் கண்ட?" என்றான். தானாக யோசிக்கும் சிரமத்தை அவன் என்றைக்கும் எடுத்துக்கொண்டதில்லை.

ஒருநாள் மகளின் ஒரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி நின்றது. அவள் யாரையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போனாள். விளக்கடித்துப் பார்த்தவர்கள் அன்றே ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். பின்மூளையில் எலுமிச்சை அளவு கட்டி. அபூர்வமாக வரும் வகை.

அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி, மழுப்பத் தெரியாதவர்.

"மொத்தமா எடுக்க முடியாதும்மா. கொஞ்சம் மூளைத்தண்டுல ஒட்டியிருக்கு. அதை இழுத்தா விழுங்கறது, மூச்சு ரெண்டுமே போயிடலாம். விட்டுடுவேன். கொஞ்ச நாள் பேச்சு வராமப் போகலாம். பயப்படாதீங்க."

அறுவைக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. குழந்தை பிழைத்தாள், பேச்சு நின்றுவிட்டது.

நான்காவது வாரம் பூச்சி டாக்டர் பழப்பையோடு வார்டுக்கு வந்தார். செவிலியரின் காதில் விழும்படி, "எனக்கு ஆரம்பத்துலயே சந்தேகம்தான்" என்றார்.

அவள் பையைத் துழாவி மூன்று மருந்துச் சீட்டுகளைச் செவிலியரிடம் நீட்டினாள். "படிங்கக்கா. சந்தேகம் எந்த வரியில இருக்கு?"

செவிலியர் படித்தார். மூன்றிலும் ஒரே மருந்து. பூச்சி டாக்டர் பழப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"படிச்சவரை இப்படியா பேசுறது?" என்றான் கணவன். அவள் சீட்டுகளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஏழாவது வாரம் மகள் "தண்ணி" என்றாள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு மிச்சக் கட்டி வளராமல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

பூச்சி டாக்டர் வாசல் பலகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "குழந்தைகளின் மூளை நோய்களும் பார்க்கப்படும்." கூட்டம் குறையவில்லை.