பங்குக்கு ஒரு பத்திரம்

அக்கா என்று நான் கூப்பிடுவது என் ஓர்ப்படியை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு, வீட்டு நடுவில் சுவர் எழுப்பி, பேச்சை நிறுத்திய பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொழில் ஆரம்பித்தோம். ஆண்களிடம் வீம்பு இருந்தது, எங்களிடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருந்தது. நிலத்தில் விளைந்ததை உரித்து, வறுத்து, இட்லிப் பொடியும் வெல்ல உருண்டையும் செய்தோம். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் ஆளுக்கொரு கூடையோடு ஏறுவோம். எனக்கு வாய் அதிகம், அதனால் கூவி விற்பது நான். உருண்டை பிடிப்பது அவள். அந்தக் கைப்பக்குவம் எனக்கு இன்றுவரை வரவில்லை, இனியும் வராது.

அவலூர்பேட்டையில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் சரக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் பாக்கெட்டில் லைசென்ஸ் நம்பர் வேண்டும், பில் வேண்டும் என்றார். அதற்காகத்தான் செஞ்சிக் கடைவீதியில் ஒரு மாடியில் இருந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போனோம். அவர் பொறுமையான மனிதர், எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலேயே சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குதும்மா. ஒருத்தர் பேர்ல மட்டும் போட்டா செலவு கம்மி, வேலையும் சுளுவு. லாபமோ நஷ்டமோ அவங்க தலையில. இல்லன்னா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். யாருக்கு எவ்ளோ பங்குன்னு ஒரு பத்திரம் எழுதிடலாம்."

"பங்கு பத்திரமே எழுதிடுங்க சார்" என்றேன், முந்திரிக்கொட்டை மாதிரி. அவள் பெயரையும் என் பெயரையும் ஒரே தாளில் பார்க்க எனக்கு அத்தனை ஆசை.

யோசித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு அக்காதான் முதலில் எழுந்தாள். கோட்டை பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பும் பஸ்ஸில் கத்திக்கொண்டு வந்தார்கள், அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தலைவலி போல என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பெரிய வாணலி, ஜல்லடை, உரித்த மல்லாட்டையில் சரிபாதி எல்லாம் என் வாசலில் வந்து இறங்கின. மிளகாயைக்கூடப் பாதியாகப் பிரித்திருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"நீதான கேட்ட. உன் பங்கு." அவள் கண் சிவந்திருந்தது. "பிரியணும்னு இருந்தா வூட்லயே சொல்லியிருக்கலாம்ல. ஊரான் முன்னாடி பத்திரம் எழுதச் சொல்ற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் குடும்பத்தில் பங்கு என்று எழுதிய தாள் ஒன்றே ஒன்றுதான், அந்தப் பாகப்பத்திரம். அதில் கையெழுத்தான பிறகு ஒரே அடுப்பு இரண்டானது, கூடப்பிறந்தவர்கள் அந்நியர்களானார்கள். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமும் உண்டென்று அவளுக்கு எப்படித் தோன்றும்? எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"உனக்கு இன்னா பைத்தியமாக்கா? இது பிரியிற பத்திரம் இல்ல, சேர்ற பத்திரம்."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சேர்றதுக்கு எதுக்குடி பத்திரம்?"

எத்தனை எடுத்துச் சொல்லியும் அவள் மசியவில்லை. "உன் பேர்லயே போடு. நான் எங்க ஓடிப்போறேன்" என்றாள். அப்படியே போட்டோம். லைசென்ஸும் வந்தது, கடைக்குச் சரக்கும் போனது.

அவள் ஓடவில்லை, கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் மகனுக்கும் மருமகளுக்கும் ஓசூரில் வேலை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவள் வீட்டுக்காரரும் கூடவே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. அமாவாசைக்கு நான் தனியாகத்தான் போகிறேன். கூவுகிறேன், விற்கிறது, ஆனால் பக்கத்தில் திரும்பிக் கிண்டல் செய்ய ஆளில்லை. கட்டினவர் வெளியூர் போனால்கூட நான் இப்படித் தேடியதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

போனில் கேட்பாள், "உருண்டை புடிக்கிறியாடி?"

"புடிக்கிறேன், உதிருது. நீ ஒருநாள் வாக்கா."

"வரணும்னுதான் இருக்குது. இன்னான்னு சொல்லிட்டு வர்றது? கொழுந்தன் வூட்டுக்குன்னா உங்க மாமா விட மாட்டாரு. ஏதாவது ஒரு வேலைன்னு இருந்தா கெளம்பிடுவேன்."

போன வாரம் லைசென்ஸ் புதுப்பிக்க அதே ஆடிட்டரிடம் போனேன். கூட வந்த அம்மா எங்கே என்று கேட்டார். ஓசூருக்கே போய்விட்டாள் என்றேன்.

"நல்லவேளைம்மா, உங்க ஒருத்தர் பேர்ல போட்டீங்க. பங்கு பத்திரம் எழுதியிருந்தா வெலகிக்கிறதுக்கு அவங்க இங்க வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வீண் அலைச்சல்."

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. பத்திரம் எழுதியிருந்தால், பிரிவதற்காகவாவது ஒருமுறை வந்திருப்பாள்.