செவன் கிங்ஸில் பூசிய கஞ்சா

காலை பத்து மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். எலிசபெத் லைனில் ஏறி, வைட்சாப்பலில் மாறி, செவன் கிங்ஸ் வரை பதின்மூன்று பவுண்ட் சொச்சம். டொரொன்டோவில் அந்தக் காசுக்கு ஏழெட்டுத் தரம் பஸ்ஸில் போகலாம்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018இல் கஞ்சா சட்டபூர்வமானதிலிருந்து, ஒரு சமூகநல நிலையத்துக்காக டொரொன்டோவின் ஸ்காபரோவில் தமிழ் வீடுகளின் கதவைத் தட்டி, யார் பாவிக்கிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள் என்று கேட்டு வருகிறேன். பிரித்தானியாவிலும் அதே ஆண்டு வழி திறந்தது. ஆனால் மருந்தாக மட்டும், நிபுணர் எழுதிக் கொடுத்தால் மட்டும். இங்குள்ள எங்கள் சனம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று அறியாமல் திரும்புவதில்லை என்ற பிடிவாதத்தோடு வந்திருந்தேன்.

ஸ்டேஷன் வாசலிலேயே அந்த மணம் வந்தது. பஸ் தரிப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு தமிழரிடம், "அண்ணை, எங்கட ஆக்களும் பாவிக்கினமோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ! எங்கட ஆக்கள் தொடாயினம். எல்லாம் மற்றவங்கள்."

ஸ்காபரோவிலும் இதே பதில்தான். இந்த மற்றவங்கள் எந்த ஊரில்தான் குடியிருக்கிறார்களோ!

தங்கியது என் கணவரின் தங்கை சுகிர்தா வீட்டில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. அவளுக்கு நரம்பு நோய். கால்கள் திடீரென்று இறுகும்; இரவில் வலியில் கத்தி எழும்புவாள். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு, ஒரு நிபுணர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தார். இதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

மாலை ஆறு மணி. அவள் கணவர் தேவன் அண்ணை கோயில் தொண்டு முடித்து வந்து, திருநீற்றோடேயே நிலத்தில் அமர்ந்தார். ஒரு சின்னப் போத்தலைத் திறந்து, எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி, அவளுடைய கெண்டைக்கால்களில் மெல்லப் பூசினார். போத்தலை எடுத்துப் பார்த்தேன். நாக்குக்குக் கீழே விடவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

"அண்ணை, இது வாயில விடுறதெல்லோ?"

"தெரியும். பூசினால் மருந்து, வாயில விட்டால் கஞ்சா. கோயில்ல கேட்கிற ஆக்களுக்கும் பூசுற எண்ணெய் எண்டுதான் சொல்லியிருக்கிறன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "விசர்க்கதை கதைக்காதேங்கோ அண்ணை!" என்றேன். அவர் எழும்பிக் கை கழுவப் போனார்.

"கால் நோ குறைஞ்சதோ?" என்று சுகிர்தாவைக் கேட்டேன்.

"எங்க குறையிறது? ஆனால் மச்சாள், அவருக்கும் முழங்கால் நோ. அதோட நிலத்தில இருந்து பூசுறார். வேண்டாம் எண்டு எந்த வாயால சொல்ல?"

மறுநாள் டொக்டர் வீடியோவில் வருவார் என்றும், போனமுறை போலவே இம்முறையும் பலனில்லை என்றால் இந்த மருந்தை நிறுத்திவிடுவார் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு வேறு மருந்து இல்லை.

"பூசுறதை நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. கேட்க வந்தனீங்கள், கேட்டுக்கொண்டு இருங்கோ."

அன்றிரவு அவள் கத்திய சத்தத்தில் எனக்கும் நித்திரை இல்லை.

மறுநாள் காலை பதினொரு மணி. லப்டொப்பில் டொக்டர் தோன்றி, பலன் உண்டா என்று கேட்டார். அவள் வாய் திறக்க முன்பே தேவன் அண்ணை, "நோ யூஸ், டொக்டர்" என்றார். அப்படியானால் நிறுத்திவிடலாம் என்றார் டொக்டர். நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சுகிர்தா லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். இதுவரை ஒரு சொட்டும் விழுங்கவில்லை, எல்லாம் காலில்தான் பூசியது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். டொக்டர் ஏசவில்லை. இரவில் சில சொட்டுகளோடு புதிதாகத் தொடங்கச் சொன்னார். தேவன் அண்ணை சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாலையில் வந்து, ஒன்றும் நடக்காதது போல நிலத்தில் இருந்தார். சுகிர்தா தன் காலைக் கையால் தூக்கி அப்பால் வைத்தாள்.

"போத்தலைத் தாங்கோ. நானே விடுறன்."

கொடுத்தார். அவள் தலையை நிமிர்த்தி நாக்குக்குக் கீழே விட்டுக்கொண்டாள். அவர் குசினிக்குப் போய் நல்லெண்ணெய் எடுத்து வந்து, வழமை போல அவள் காலில் பூசத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு கிழமை நின்றேன். பக்கத்து இல்ஃபோர்ட்டில் இன்னும் பல வீடுகளுக்கு ஏறி இறங்கினேன்; பதில் எல்லாம் பஸ் தரிப்பில் கேட்டதுதான். சுகிர்தாவின் கால் இன்னும் இறுகுகிறது. ஆனால் கடைசி மூன்று இரவும் அவள் கத்தி எழும்பவில்லை.

புறப்பட்ட அன்று தேவன் அண்ணை என் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். ஸ்காபரோவில் தமிழ் மளிகைக்குப் பக்கத்திலேயே கஞ்சாக் கடை இருக்கிறது. ஆனாலும் தன் வீட்டில் கஞ்சா இருக்கிறது என்று எனக்கு வாய்விட்டுச் சொன்ன ஆண் ஒருவரும் இல்லை. அதை நினைத்துக்கொண்டு கேட்டேன்:

"இனிக் கோயில்ல கேட்டால் என்ன சொல்லப்போறீங்கள், அண்ணை?"

ரயில் வந்துகொண்டிருந்தது. பையைக் கீழே வைத்தார்.

"கஞ்சா எண்டே சொல்லப்போறன். பூசுற எண்ணெய் எண்டு சனத்துக்குச் சொல்லிச் சொல்லி, மருந்தைக் கையில வைச்சுக்கொண்டே அவளைக் கத்த விட்டனான்."