பிரிப்பதும் வேலைதான்

நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு பெண்ணின் விடைத்தாளை வாசித்து அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. சிறுவயது நினைவு ஒன்று எழுதுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் சிறுவயதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு மறக்காமல் இருக்கும் சிறுவயது அவளுடையது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள். பனியன் கம்பெனிகள் நிறைந்த வீரபாண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நீதிபோதனை. மற்றவர்கள் அந்த நேரத்தில் கணக்குப் போடச் சொல்வார்கள். நான் எம்.ஏ. படித்த கர்வத்தில் பழைய கிரேக்கக் காவியம் ஒன்றை வாரம் வாரம் சொல்லிவந்தேன். போருக்குப் போன அரசன் கடலில் அலைந்து, இருபது ஆண்டு கழித்து வீடு திரும்புகிற கதை. அவன் இல்லாத வீட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்து தின்றுகொண்டு, அவன் மனைவியை மறுமணத்துக்கு நெருக்குகிறது. கையில் இருக்கும் துணியை நெய்து முடித்ததும் பதில் சொல்கிறேன் என்கிறாள் அவள். பகலில் நெய்ததை இரவில் பிரித்துவிடுகிறாள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அதில் கிடைக்கும் பாடத்தை எழுதச் சொல்வேன். இந்தக் கட்டத்துக்கு நான் எதிர்பார்த்த விடை பொறுமை. முப்பத்தொன்பது பேர் அதையே எழுதியிருந்தார்கள். அவள் மட்டும், "பிரிப்பதும் வேலைதான். நெய்வதைவிடக் கஷ்டம்" என்று தொடங்கியிருந்தாள்.

உரக்க வாசித்தேன். "ஏங்கண்ணு, செஞ்சதைக் கெடுக்கறதுக்குக் கூட உங்க கம்பெனில சம்பளம் தர்றாங்களா?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஆமாங்க சார், அவங்கம்மாளுக்குத் தர்றாங்க!" என்றான். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீதியை வாசிக்காமல் தாளை மடித்து வைத்தேன்.

ஒரு வாரம் அவள் இடம் காலியாக இருந்தது. செக்கிங்குக்குப் போகப்போகிறாளாம் என்று பக்கத்துப் பெண் சொன்னாள். தைத்த உருப்படிகளில் குறை பார்க்கும் வேலை. அதில் சேர்ந்துவிட்டால் பள்ளிக்குத் திரும்ப மாட்டாள். பல பிள்ளைகளை அப்படி இழந்திருந்தோம். அன்று மாலைதான் அவள் தாளை எடுத்து முழுதாக வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

ஒற்றை அறை. அவள் அம்மா தரையில் அமர்ந்து, பிளேடால் ஒரு பனியனின் கழுத்துப்பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே போல ஒரு குவியல். அளவு மாறித் தைத்துவிட்ட கழுத்துகளைப் பிரித்துக் கொடுத்தால் கம்பெனியில் மறுபடி தைத்துக்கொள்வார்கள். தெற்கே இருந்து பிழைக்க வந்த குடும்பம். கேரளாவுக்கு வேலைக்குப் போன அப்பா மூன்று வருடமாக வரவில்லை.

"ஏ பிள்ள, சாருக்கு ஸ்டூல எடுத்துப் போடு" என்றார் அம்மா. "அவளுக்கு மேலுக்கு முடியல சார், அதான் வரல."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார்" என்றாள் மகள்.

நான் ஸ்டூலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன். "நானும் ஒண்ணு பிரிக்கட்டுமா?" என்றேன். அம்மா தயங்கினார். மகள் ஒரு பனியனையும் பிளேடையும் என்னிடம் நீட்டினாள்.

நான்கு தையல் சரியாக வந்தது. ஐந்தாவதில் பிளேடு துணியில் பட்டது. பனியன் துணியில் ஒரு பின்னல் கண் அறுந்தால் நிற்காது. இழுக்க இழுக்க ஓடும். நான் பதறி இழுத்தேன். விரல் நுழையும் ஓட்டை விழுந்துவிட்டது.

"ஐயய்யோ, இழுக்காதீங்க சார்!" என்றார் அம்மா. பிறகு மெதுவாக, "போவுது விடுங்க. என் கை தவறிட்டுன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார்.

பிளேடைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு, கண்ணு" என்றேன்.

"இங்க வந்து சொன்னா ஆச்சுங்களா சார்?" என்றாள். "அங்கதானுங்க சிரிச்சாங்க."

மறுநாள் நீதிபோதனை இல்லை. இருந்தும் முதல் பாடவேளையில் அந்தத் தாளை எடுத்தேன். அவள் இடம் காலியாகவே இருந்தது. போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் செய்ததைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை போட்ட ஓட்டையையும் சொன்னேன். பிறகு அவள் எழுதியதை முழுதாக வாசித்தேன். "துணியில் ஓட்டை விழாமல் தினமும் பிரித்தால் கண் எரியும். காலையில் அதைக் காட்டிக்கொள்ளாமல் மறுபடி நெய்ய உட்கார வேண்டும். ராஜா வந்தால் நல்லது. வராவிட்டாலும் அந்தம்மாவுக்குத் தறி இருக்கிறது."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் வரவில்லை. செய்தி அவளுக்குப் போயிருக்கும். போயும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டேன். வியாழக்கிழமை மணி அடித்த பிறகு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். தன் இடத்துக்குப் போனவள் உட்காரவில்லை.

"சார், ஒரு சந்தேகமுங்க. ராஜா திரும்பி வந்தப்புறம் அந்தத் துணி என்னாச்சுங்க?"

எத்தனையோ முறை சொன்ன கதை. நான் அதை யோசித்ததே இல்லை. "தெரியலையே கண்ணு" என்றேன். அந்த வகுப்பில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

"பரவாயில்லீங்க. அடுத்த வாரம் பாத்துச் சொல்லுங்க" என்று உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டாளே என்றுதான் அப்போது எண்ணினேன். மாலையில் சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான், அடுத்த வாரமும் வருவேன் என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள் என்பது விளங்கியது.