வலது கையில் வைத்த குச்சி

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். என் மருமகளுக்குக் கையில் கருத்தடைக் குச்சி வைத்த கதைதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மருமகள் உக்குவளையில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். இதற்கு முன் பார்த்த வேலை இரண்டாவது பிள்ளை உண்டானதோடு போய்விட்டது. மாத்திரை குடித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் ஒரு சாவு விழுந்து, அந்த அலைச்சலில் மறந்துவிட்டாள். பிள்ளை தங்கமாக இருக்கிறான், அது வேறு பேச்சு. ஆனால் இந்த வேலையும் கைவிட்டுப் போகக்கூடாது என்று உறுதியாக இருந்தாள். நானும்தான்.

மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வந்து ஊசி, கர்ப்பப்பையில் வைக்கிற லூப், குச்சி எல்லாம் விளக்கினார். ஐந்து வருடத்துக்கு அந்த நினைப்பே வேண்டாம், பிள்ளை வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் குச்சியை எடுத்துவிடலாம் என்றதும் இவள் குச்சிதான் என்றுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்து நின்றாள்.

"ஐயோ அக்கா, அது ஒடம்புக்குள்ள ஓடி நெஞ்சுக்குப் போயிருமாம்!"

"ஒன் மூக்குத்தி மூளைக்கா போச்சு? வச்ச எடத்துலதான் இருக்கும், போ."

மாத்தளைக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் ஒரே மிளகு மூட்டை, தும்மித் தும்மியே போய்ச் சேர்ந்தோம். கிளினிக்கில் டொக்டர் மிஸ் பிரஷர் பார்த்து, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார். குறைவாகப் பாவிக்கிற கையில்தான் வைப்பார்களாம்.

"எந்தக் கையால வேலை செய்றது?"

"வலது கை மிஸ்," என்றாள் இவள், பட்டென்று.

"பொய் சொல்லாத புள்ள!" என்றேன் நான். "சோறு மட்டுந்தான் மிஸ் வலது கையில திங்கிறா. கத்திரி, கத்தி, வெளக்குமாறு எல்லாம் எடது. இவங்கம்மா அடிச்சு அடிச்சு சோத்த மட்டும் மாத்திட்டாங்க. யாரு கேட்டாலும் வலதுன்னுதான் சொல்லுவா."

"மாமி, மானத்த வாங்காதீங்க!"

"மானம் கெடக்கட்டும். கத்திரி புடிக்கிற கை வலிச்சா மொதலாளி மூஞ்சிய யாரு பாக்கிறது?"

டொக்டர் மிஸ் சிரித்துவிட்டார். "சரி அம்மே, அப்ப வலது கையில வைப்போம்."

விறைக்க ஊசி போட்டு, மேல்கையின் உள்பக்கம் தீக்குச்சி மாதிரி மெல்லிசாக இரண்டு வைத்துக் கட்டுப் போட்டார். தண்ணீர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மாதவிலக்கு கொஞ்சம் முன்பின்னாக வரலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். விறைப்பு விட்டு வலது கை வலித்திருக்கும். தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எடது கையாலயே தின்னு. ஒங்கம்மாவா இங்க பாத்துக்கிட்டிருக்காங்க?"

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையால் பிசைந்தாள் பாருங்கள், ஒரு பருக்கை சிந்தவில்லை! நான் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். தின்று முடித்து, அதே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைத் துணியை விரித்துக் கத்திரியை எடுத்தாள்.