விசில் ஊதாத கண்டக்டர்

கழுத்தில் தொங்கும் விசிலை நான் முதன்முதலாகப் பயத்தோடு பார்த்தது, பல் டாக்டரம்மா "கொஞ்ச நாளைக்கு ஊதவே கூடாது" என்று சொன்ன அன்றைக்குத்தான். திருவொற்றியூரிலிருந்து பிராட்வே போகும் பேருந்தில் நான் கண்டக்டர். விசில் ஊதாத கண்டக்டரும் ஒரு பயணிதான். என்ன, டிக்கெட் வாங்காத பயணி.

பல் துலக்கும்போது வருடக்கணக்காக ரத்தம் வந்துகொண்டிருந்தது. "உடம்பில் ரத்தம் அதிகம், வழிகிறது" என்று வீட்டில் ஜோக் அடித்தேன். ஜோக் அடித்தே ஈறு நோயை முற்ற வைத்தவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் எங்கள் வண்டியின் ஜன்னல் கண்ணாடிகளைப் போல ஆடத் தொடங்கின. டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு அரித்துப் போயிருந்தது. முதலில் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வோம், பிறகு ஈறைத் திறந்து பள்ளத்தில் எலும்புத் தூளை நிரப்பித் தைப்போம், அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் சொந்த எலும்பு மெல்ல வளரலாம், வளராமலும் போகலாம், தெரிய ஆறேழு மாதம் ஆகும் என்றார். வளராவிட்டால் நான்கு பல்லும் போகும்.

இதை நான் முதலில் சொன்னது எங்கள் டிரைவர் அண்ணனிடம். ரிட்டயர் ஆகச் சில மாதங்களே இருந்த அவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளங்களில் பல்செட் குதிக்கிறது என்று, ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் அதைக் கழற்றிக் காக்கிச்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"இன்னா எலும்பு நைனா வெக்கிறாங்கோ?"

"மாட்டெலும்ப சுத்தம் பண்ணி வெக்கிறதும் கீதாம், கம்பெனில செய்றதும் கீதாம்ணா."

"கம்பெனி சரக்கு வாணாம். மணலி கம்பெனி காத்த இத்தினி வர்சமா இஸ்துகினு கீறோமே, அது பத்தாதா? மாடுன்னா உன் பிரியாணிக்கு சொந்தக்காரன். கப்புனு ஒட்டிக்கும்."

மரத்துப்போகும் ஊசி போட்டதால் செய்யும்போது வலி தெரியவில்லை. மறுநாள் மேலுதடு வீங்கி மூக்கை விசாரிக்கப் போனது. ஐஸ் ஒத்தடம், மாத்திரை, ஆறின கஞ்சி. துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் வேடிக்கை பார்க்கக் கூடாது. சர்க்கரைபோல இரண்டொரு துகள் நாக்கில் தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். தையல் பிரிக்கும் முன்பே லீவு தீர்ந்துவிட்டது.

டிரைவர் அண்ணன் ஓர் ஏற்பாடு செய்தார். நான் ரூபாய் நாணயத்தால் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் நிற்பார், இரண்டு தட்டினால் கிளம்புவார். காலையில் இது பலித்தது. சாயங்காலக் கூட்டத்தில் என் தட்டல் அவர் காதுக்குப் போகவில்லை. காசிமேட்டில் காலிக் கூடையோடு ஏறும் மீன்கார அக்காதான் முன்னால் நின்று அதை அஞ்சல் செய்தார்.

"யோவ் டிரைவரு, ரைட்டாம்! இன்னா கண்டக்டரு, வாய்ல கொயுக்கட்டயா வெச்சினு கீற?"

பேருந்தே சிரித்தது. எனக்குச் சிரிக்கவும் தடை.

ஒரு சாயங்காலம் ராயபுரத்தில் வண்டி கிளம்பியபின் ஓடிவந்த ஒருவர் பின்படியில் கால் வைத்து வழுக்கினார். கை கம்பியில், உடம்பு ரோட்டில். நாணயம் தட்ட யாருக்கு ஞாபகம் வரும்? விசில் வாய்க்குப் போனதே எனக்குத் தெரியாது. வண்டி நின்றது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஒரு திட்டு திட்டிவிட்டு ஏறினார். என் வாயெல்லாம் உப்பு. நாக்கில் மணல்மணலாகத் துகள்.

டிரைவர் அண்ணன் இறங்கிப் பின்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். என் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மீன்கார அக்காவின் கையில் கொடுத்தார். அன்று பிராட்வே வரைக்கும் அக்காதான் ஊதினார், தேவைக்கு அதிகமாகவே.

டியூட்டி முடிந்ததும், பல் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டிருந்த டிரைவர் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தார். ஒரு தையல் விட்டிருக்கிறது, கொஞ்சம் தூள் போயிருக்கிறது, மீதி இருக்கிறது, இனி காத்திருப்பதுதான் என்றார் டாக்டரம்மா. காத்திருந்தோம். டிரைவர் அண்ணன் ரிட்டயர் ஆனார். வாரம் தவறாமல் போன் வரும். "ஆடுதா?" என்பார். "தெர்லண்ணா" என்பேன். "தொட்டுப் பாக்காத, போன வெச்சிடு."

ஏழாவது மாதம் புது எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு நேராக ராயபுரத்தில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முழுக்க நிரம்பவில்லை, ஆனால் பள்ளத்தின் பாதிக்கு மேல் வெள்ளையாக ஏறியிருந்தது. பற்கள் ஆடாமல் நின்றுவிட்டன.

"இதான் எலும்பா?"

"இதாண்ணா."

வெகுநேரம் பார்த்தார். "எனுக்கு பல்லு ஆடச்சொல்லோ, புடுங்கிடுன்னு நான்தான் சொன்னேன். இப்டி ஒண்ணு கீதுன்னு கேக்கவே இல்ல."

பிறகு உள்ளே போய் ஒரு கொய்யாவை எடுத்துவந்தார். நன்றாகப் பழுக்காதது. கத்தியைக் கொண்டுவரவில்லை.

"கட்ச்சி துன்னு. எனுக்கு சத்தம் கேக்கணும்."

முன்பல்லால் கடித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா," என்றார்.