இரண்டாம் பந்தி மாமன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி விஷயத்தில் நான் நாத்திகம் முற்றிய கேஸ். சுடுகாட்டை ஒட்டிய வீட்டில், வாடகை கம்மி என்கிற ஒரே காரணத்துக்காக வருஷக்கணக்கில் குடியிருந்து நிம்மதியாகத் தூங்கியவன். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தால் இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஜோடி பார்க்கிற வேலை. இடதும் வலதும் ஒரே நிறமா, தையல் ஒரே மாதிரி ஓடுகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். நாளெல்லாம் ஜோடி சேர்ப்பவன் வீட்டுக்குப் போனால் ஒண்டிக்கட்டை. இந்த ஜோக்கைக் கம்பெனியில் எல்லாரும் சொல்லியாகிவிட்டது, நீங்கள் சிரமப்பட வேண்டாம். தனிமை எனக்கு ஒத்துக்கொண்ட பண்டம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய், ஒரு புத்தகம், அப்புறம் தூக்கம். சொந்தக்காரர் விசேஷமென்றால் வாட்ஸப்பில் ஒரு கேக், ஒரு கும்பிடு. தீர்ந்தது கடமை.

தங்கை மஞ்சு வீட்டுக் காதுகுத்துக்கு மட்டும் அந்தக் கும்பிடு செல்லவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண், யாழினி. மூன்று வயசு வரை தள்ளிப்போன காதுகுத்து. குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீட்டுப் பக்கம் மஞ்சுவுக்கு மிச்சம் நான் ஒருவன்தான்.

"நீ வரலன்னா புள்ளயோட பெரியப்பா மடியில உக்கார வெச்சிடுவாங்கண்ணா. உனக்குன்னு யாருமில்லியான்னு மாமியார் வாயத் தொறந்து கேக்கவே வேணாம். ஒரு பார்வ பாத்தாலே போதும்" என்றாள்.

தோடு மாமன் சீர். முந்தின நாள் வாங்கி வந்து பார்த்தால், ஒன்றில் சிவப்புக்கல் ஒரு நூல் சாய்ந்திருந்தது. தொழில் புத்தி, கண் அங்கேதான் போகும். மாற்ற நேரமில்லை. டப்பாவுக்கு ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

காலையில் பள்ளிகொண்டாவுக்கு பஸ் ஏறினேன். அதாவது, ஏறியதாக நினைத்தேன். ஜன்னல் சீட்டைக் கண்ட சந்தோஷத்தில் விசாரிக்காமல் ஏறியது பைபாஸ் வண்டி.

"ஊருக்குள்ள போவாது சார். வேலூர்ல எறங்கித் திரும்பி வாங்க. போர்டுல இம்மாம் பெருசா எழுதிகீதே, படிக்கிறதில்லியா?" என்றார் கண்டக்டர். மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிகொண்டா ஜன்னலுக்கு வெளியே வந்தது, போயே போய்விட்டது. போன் அடித்துப் பார்த்தேன். மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்?

வேலூரில் வேறு பஸ் பிடித்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேளக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முடிந்துவிட்டது. மஞ்சுவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வாசலிலேயே நின்றேன். அவள் புருஷன் பாயச வாளியோடு எதிரில் வந்தார்.

"இன்னா மச்சான், ரெண்டாவது பந்திக்கும் உக்கார்றீங்களா? வெக்கப்படாம உக்காருங்க, நம்ம வீட்டு விசேஷம்!"

"கிண்டல் பண்ணாதீங்க மாப்ள. பைபாஸ் வண்டியில ஏறிட்டேன், இப்பதான் வர்றேன்."

"அதுக்குள்ள பஸ்சுல வேற போய்ட்டு வந்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மஞ்சு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் முகத்தில் அப்படியொரு பெருமை. "அண்ணன்னா இப்டி இருக்கணும்னு மாமியாரே சொல்லிட்டாங்கண்ணா. புள்ள கத்துனப்போ பாட்டு பாடி அடக்கிட்டியே! நீ பாடுவேன்னே எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது.

அதுவரை என்னைக் கண்டாலே வீறிடும் யாழினி, மொட்டைத்தலையும் சந்தனமுமாக வந்து கையை நீட்டினாள். தூக்கினேன். காதில் சிவப்புக்கல் தோடு. இடது காதில் கல் ஒரு நூல் சாய்ந்திருந்தது.

அவளை இறக்கிவிட்டு பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பையைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், டப்பா போட்ட ரப்பர் பேண்டோடு அப்படியே இருந்தது. உள்ளே என் தோடு ஜோடியாக இருந்தது, அதிலும் ஒன்றில் அதே கல், அதே சாய்வு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ஜோடியை நான் பாஸ் பண்ணியதில்லை.

என்ன செய்ய முடியும்? வெளியே வந்து இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் பசி இருந்ததே. வருவோர் போவோரெல்லாம் பாட்டைப் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மஞ்சுவிடம் இன்றுவரை சொல்லவில்லை. எதைச் சொல்லி அந்தப் பெருமையைக் கெடுப்பது? தோடு என் பீரோவில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய்விடுகிறேன். நான் இல்லாவிட்டால் விசேஷம் நின்றுவிடும் என்றல்ல, நிற்காது என்று தெரிந்துவிட்டதால். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. யாழினி என் மடியை விட்டு இறங்குவதில்லை.

நேற்று அவள் பிறந்தநாளுக்குக் கூப்பிட மஞ்சு போன் செய்தாள். "காதுகுத்துல பாடுன பாட்ட நீ பாடணுமாம். கேட்டா எப்பவும் மழுப்புற. இரு, அவளே பாடறா கேளு."

குழந்தை பாடினாள். நான் ஜென்மத்தில் கேட்டிராத பாட்டு. இரண்டு வரி பாடியதும் மறந்துபோய் நிறுத்தினாள்.

மூன்றாவது வரியை நான் எடுத்துக்கொடுத்தேன்.